வலிப்புக்காரி

படகுத் துறையில் அவளுக்கு எதிர்க்காற்று என்று பெயர். யார் எதைச் சொன்னாலும் எதிர்த்துப் பேசுவாள் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம். சந்தைக் கரைக்கும் ஆலைக் கரைக்கும் இடையே ஆட்களை ஏற்றி இறக்கும் படகில் துடுப்புக்காரி. படகு அவளுடையது அல்ல. ஆனால் அவள் பலகையில் வேறு யாராவது உட்கார்ந்து பார்க்கட்டும், தெரியும் சேதி.

அந்தத் துறையில் துடுப்பு போடுவது, படகு ஓட்டுவது என்றெல்லாம் பேசினால் சிரிப்பார்கள். அங்கே எல்லாம் வலிப்புதான். ‘வலி’ என்றால் துடுப்பை இழு. ‘விட்டு வலி’ என்றால் நிதானமாக இழு. ஒரு இழுப்புக்கு ஒரு வலிப்பு. உடம்பு நோவதற்கும் அதே சொல்லை வைத்த புண்ணியவான் ஒரு நாளாவது துடுப்பு பிடித்திருக்க வேண்டும்.

வினையும் அந்தச் சொல்லில்தான் வந்தது. துறை ஆட்களுக்கு நடத்தும் வருடாந்திர உடல் பரிசோதனைக்கு நாத்தனாரைத் துணைக்கு அழைத்துப் போயிருந்தாள். ஆறு குளம் பார்க்காத ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் டாக்டர், அவள் வாயில் தெர்மாமீட்டரைச் சொருகிவிட்டு நாத்தனார் பக்கம் திரும்பினார். நாத்தனாருக்கோ வாய் சும்மா இருக்காது.

“இவங்களுக்கு வேற தொந்தரவு ஏதாவது உண்டா?”

“என்ன தொந்தரவு டாக்டர்? விடிஞ்சா வலிப்பு, பொழுது சாஞ்சா தூக்கம்.”

டாக்டர் நிமிர்ந்தார். “தினமுமா?”

“மழை பேஞ்சா கம்மி. கூட்டம் ஜாஸ்தியானா வலிப்பும் ஜாஸ்தி.”

“எத்தன வருஷமா?”

“சின்னப் புள்ளையிலேர்ந்தே. இவங்க அப்பாவுக்கும் வலிப்புதான். என்னா வலிப்பு! ஊரே கரையில நின்னு பாக்கும்.”

எதிர்க்காற்று தெர்மாமீட்டரோடு பெருமையாகத் தலையாட்டினாள்.

மறுநாள் காலை துறைக்கு வந்தபோது அவளுடைய துடுப்பு, துறை மேலாளரின் கையில் இருந்தது. அளவுக்கு மேல் ஆள் ஏற்றச் சொன்னதற்காக அவரையே ஒருமுறை படகிலிருந்து இறக்கிவிட்டவள் அவள். அந்த ஆத்திரம் மனிதருக்கு ஆறவே இல்லை. இப்போது சும்மா விடுவாரா?

“வலிப்பு நோய் இருக்கறவங்க படகைத் தொடக் கூடாது. டாக்டரே எழுதிட்டாரு.”

முதலில் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்றதும் கோபம் வந்தது. “வலிப்புன்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாதா சார்? ‘வேகமா வலி’ன்னு தினமும் நீங்கதான கத்துவீங்க?”

“எழுதினது எழுதினதுதான்.”

“அப்ப நான் செத்துட்டேன்னு எழுதினா பாடையில ஏறிப் படுத்துக்கணுமா?”

வாய்தான் அப்படிப் பேசியதே தவிர, உள்ளுக்குள் பயந்துதான் போயிருந்தாள். அந்தப் பலகை போனால் எந்த வீட்டிலாவது பாத்திரம் கழுவிக்கொண்டு, யாரோ இடும் வேலைக்கெல்லாம் தலையாட்ட வேண்டும். அதற்கு அவள் கழுத்து வளையாது.

நாத்தனாரை இழுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனாள். “உள்ளதத்தான அண்ணி சொன்னேன்” என்று வழியெல்லாம் புலம்பினாள் நாத்தனார். விஷயம் விளங்கியதும் டாக்டர் நெற்றியில் அடித்துக்கொண்டார். நல்ல மனுஷன். அவரே கிளம்பித் துறைக்கு வந்து, “தப்பு என்னுது, மாத்தி எழுதிட்டேன்” என்றார்.

மேலாளருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கரையில் ஆலைக்குப் போகிற கூட்டம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றது. அத்தனை பேர் முன்னால் அவர் இறங்கிவருவாரா?

“சரி. வலிப்பு இல்லைன்னு அவங்க வாயால சத்தமா சொல்லட்டும். துடுப்பத் தந்துடறேன்.”

“சொல்லிட்டு வாங்கிக்கங்க அண்ணி” என்று நாத்தனார் இடித்தாள். “சொல்லிடுங்களேன்மா, ரெண்டு வார்த்தைதான” என்றார் டாக்டரும்.

எதிர்க்காற்றுக்கு முகம் சிவந்துவிட்டது. “வலிப்பு இல்லையா? அப்ப இத்தன வருஷம் இந்த ஆத்துல நான் என்ன ஈ ஓட்டிக்கிட்டா இருந்தேன்?” கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். “எனக்கு வலிப்பு இருக்கு! நெறையவே இருக்கு! பயப்படறவங்க பாலத்தச் சுத்திப் போங்க. மத்தவங்க ஏறுங்க.”

மேலாளர் கையிலிருந்து துடுப்பைப் பிடுங்கிக்கொண்டு பலகையில் போய் உட்கார்ந்தாள். யாரும் அசையவில்லை. மேலாளர் கையைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவரைப் பகைத்துக்கொள்ள யாருக்குத் துணிச்சல்? காலிப் படகு அப்படியே ஆடிக்கொண்டு நின்றது.

அப்போது டாக்டர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இதுவரை படகில் கால் வைத்திராத மனுஷன், தட்டுத்தடுமாறி ஏறி உட்கார்ந்து விளிம்பை இறுகப் பற்றிக்கொண்டார். பிறகு நாத்தனார் ஏறினாள். பிறகு ஒவ்வொருவராக எல்லோருமே ஏறிவிட்டார்கள்.

அவள் வலித்தாள். மேலாளர் நின்ற கரை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனது. நட்டாற்றில் நீர் இழுக்கிற இடம் வந்ததும், ஒவ்வொரு வலிப்புக்கும் அவள் இடது தோள் ஒரு கணம் பின்வாங்குவதை டாக்டர் கவனித்தார். குனிந்து மெல்லக் கேட்டார்.

“வலிக்குதா?”

“வலிக்குது” என்றாள், துடுப்பை நிறுத்தாமல். “அத மட்டும் எழுதிடாதீங்க.”