புதன்கிழமை மீன் குழம்பு

மாமியார் காலமானதும் அடுப்படி என் கைக்கு வந்தது. கல்யாணமாகி அப்போது இரண்டே மாதம். கணவர் வெளிநாட்டில் இருந்தார். ஆர்.எஸ்.மங்கலத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் அந்தப் பெரிய வீட்டில் நானும் மாமனாரும் மட்டும். மாமா என்றுதான் கூப்பிடுவேன்.

மாமியாரின் சமையல் வாரம் தவறாமல் அதே சுற்று. எனக்கு நாக்குச் செத்துப் போயிருந்தது. திருவாடானையில் பிறந்த வீட்டிலிருந்து ஒரு பத்திரிகையின் சமையல் இணைப்பை எடுத்துவந்து, நோட்டில் ஏழு நாளுக்கும் பட்டியல் போட்டேன். திங்கள் தக்காளி சாதம். புதன் முட்டைக் குருமா. புதனுக்கு வரும் உப்பூர் மீன்காரரைச் சனிக்கிழமை வரச் சொல்லிவிட்டேன். பெரிய சாதனை செய்த நினைப்பு எனக்கு.

முதல் வாரம் மாமா எதைப் போட்டாலும் சாப்பிட்டார். தட்டையே கொஞ்ச நேரம் பார்ப்பார். எப்படி இருக்கிறது என்று கேட்டால், நல்லாருக்குத்தா என்பார். பிடித்திருக்கிறதா இல்லையா என்று மண்டையை உடைத்துக்கொண்டேன். எரிச்சலில் ஒருநாள் உப்பை அள்ளிப் போட்டேன். அதற்கும் நல்லாருக்குத்தா.

அந்த வருடம் கண்மாயில் தண்ணீர் குறைவு. நெல் பால் பிடிக்கிற நேரம். ஆளுக்கு ஒரே ஒரு முறைத் தண்ணீர்தான் பாக்கி. கிடைத்தால் நெல், தவறினால் வைக்கோல். எங்கள் முறை என்றைக்கு என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது மாமாவின் சமாச்சாரம்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மண்வெட்டியோடு போனவர் அரை மணியில் திரும்பினார். எங்கள் முறை வியாழக்கிழமையே முடிந்துவிட்டதாம். ஆள் வராததால் தண்ணீரை அடுத்த வயலுக்குத் திருப்பிவிட்டார்களாம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. நாற்பது வருடம் வெள்ளாமை பார்த்தவர் கிழமையை எப்படித் தவறவிடுவார்? சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"நான் எங்கத்தா கெழம பாத்தேன்? ஒங்க அத்தை மீன் கொழம்பு வச்சா மறுநா வியாழன். நீ நேத்துத்தான மீனு வச்ச" என்றார்.

என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றேன். மருமகளிடம் போய் இன்றைக்கு என்ன கிழமை என்று எப்படிக் கேட்பது என்றார். எனக்கு ஆத்திரமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. என் மேலா, அவர் மேலா, போய்ச் சேர்ந்த மாமியார் மேலா?

இனிமேல் பழையபடியே சமைத்துவிடுகிறேன் என்று நோட்டில் புதுப் பக்கம் திருப்பினேன். குறை சொல்லிக்கொண்டே சாப்பிட்டதில் எந்த நாளுக்கு எது என்று எனக்கு மனதில் நிற்கவில்லை. அவரையே சொல்லச் சொன்னேன். திங்கள் புளிக்குழம்பு, செவ்வாய் முருங்கைக்கீரை, புதன் மீன், வியாழன் மொச்சை என்று சொல்லிக்கொண்டே வந்தவர் வெள்ளியில் நின்றுவிட்டார். நான் பென்சிலோடு காத்திருந்தேன்.

"வெள்ளிக்கெழம என்ன வப்பான்னு மறந்துபோச்சுத்தா."

பயிர் போனதற்குக் கலங்காத மனுஷர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் யோசித்து யோசித்துப் பார்த்தேன். எனக்கும் நினைவுக்கு வரவில்லை.