சிரிப்புக்கு விட்ட இடம்

காரிமங்கலம் சந்தையில் மாட்டு மருந்து விற்பவருக்குக் கூட்டம் சேர்ப்பது என் வேலை. மாட்டுத் தரகர், பஸ் கண்டக்டர் என்று ஒவ்வொருவர் மாதிரியும் பேசிக் காட்டுவேன். சனம் சிரித்து ஓயும்வரை பேசாமல் நிற்பேன். பிறகு அடுத்தது. வேறு தொழில் தெரியாது. ஒரு நாடகக் கோஷ்டி அதைப் பார்த்துத்தான் என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துப் போனது. அறுபதுகளின் கடைசி. கோஷ்டி திரும்பியது. நான் மட்டும், மனைவியை ஊரில் விட்டு, கல்யாணம், கோயில் விழா மேடைகளில் பேசிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டேன்.

எங்கள் பக்கத்து அரூர்க்காரர் ஒருவரின் சாப்பாட்டுக் கடையில் டிவி இருந்தது. மேடை இல்லாத நாளெல்லாம் அதன் முன்னால்தான் கிடப்பேன். பாஷை புரியாது. வெள்ளைக்காரன் வழுக்கி விழுவான், கூட்டம் சிரிக்கும். கூட்டத்தை மட்டும் காட்ட மாட்டார்கள். எங்கே உட்கார்ந்திருக்கிறார்களோ என்று பெட்டியின் பின்பக்கம்கூடப் போய்ப் பார்த்தேன். அட்டையில் ஓட்டைகள். சூடு.

பிறகு டிவி நிலையத்திலேயே தமிழ் நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். நன்றாக வந்தால் மாதாமாதம் என்றார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்துவிடலாம் என்று போனேன். உள்ளே ஒரு நாற்காலிகூட இல்லை. வெள்ளைக்காரன் படத்தில் கேட்பது டேப்பில் பிடித்த சிரிப்பாம். தமிழுக்கு அது கிடையாதாம்.

பேசினேன். பழக்கத்தில் சந்தையில் நிற்பதுபோல் நடுநடுவே நின்றேன். ஒரு சத்தமும் இல்லை.

"ஏன் வாயடைச்சு நின்னீங்க? இது எடுபடலைன்னா இனிமே கூப்பிட மாட்டோம்" என்றார் நிகழ்ச்சி எடுத்தவர்.

ஒளிபரப்பான அன்று கடையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியில் நான் தரகராக எருமைக்கு விலை பேசினேன். நின்றேன். கடையே சிரித்தது. ஓய்ந்ததும் பெட்டிக்குள் நான் மறுபடி பேசினேன். சரியாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"செத்த சும்மா இருங்க. அவரு பேசறாரு" என்றார் கடைக்காரர், பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாதாமாதம் கூப்பிட்டார்கள்.

ஊருக்கு வந்தபோது மனைவியிடம் சொன்னேன். எங்கள் பக்கம் அப்போது யாரும் டிவி பார்த்ததில்லை. யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"உள்ளாற இருந்து பாத்தா கடையில சிரிக்கறவங்கெல்லாம் தெரிவாங்களா?"

"தெரியாது."

"அப்பறம் சிரிச்சு முடிச்சிட்டாங்கன்னு எப்படித் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"நம்ம சந்தை சனம் எம்மா நேரம் சிரிக்குமோ அம்மா நேரம் நின்னேன்" என்றேன்.