மச்சான் கட்டிய வெள்ளாற்றுப் பாலம்

எங்கள் குட்டி ரயில் கூட்டத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. ஓடுகிற வண்டியில் கை வைக்கக் கூடாது. அந்த ஒன்றைக்கூட எங்களால் எந்த வருடமும் காப்பாற்ற முடிந்ததில்லை.

வருடத்துக்கு ஒரு ஞாயிறு சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் கூடுவோம். நாங்கள் ஒன்பது பேர். ஆளுக்குக் கால் வைத்த நாலடிப் பலகை ஒன்று. கடலூரிலிருந்து சிதம்பரம் வரை போகும் நிஜப் பாதையில் ஆளுக்கு ஒரு இடத்தை எடுத்துக்கொண்டு, வீட்டிலேயே தண்டவாளம் பதித்து, ஸ்டேஷன் கட்டி, மரம் நட்டு எடுத்து வருவோம். ஒன்பதையும் வரிசையாகச் சேர்த்தால் பாதை முழுசாகிவிடும். ஒரு பெட்டி ஒரு சாணுக்குச் சற்றே கூட இருக்கும். எனக்குக் கடலூரில் மோட்டார் காயில் கட்டும் கடை, அதனால் கடலூர் துறைமுகம் ஸ்டேஷன் என்னுடையது. நடுவில் வரும் வெள்ளாற்றுப் பாலம் என் மனைவியின் தம்பியுடையது.

வண்டி கவிழ்வது எப்போதும் அந்தப் பாலத்தில்தான்.

பார்க்க வருகிறவர்கள் சொல்வதையெல்லாம் நான் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். போன வருடம் ஒரு அம்மா சொன்னது: "ரயிலு நல்லாத்தான் கீது. ஓடறத வுட நிக்கறதுதான் ஜாஸ்தி." பரங்கிப்பேட்டைப் பக்கத்து மீன்காரர் ஒருவர் பாலத்தடியில் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்ளோ தண்ணி வுட்டுருக்கீங்க, ஒரு படகு கூட இல்லியேப்பா" என்று குறைபட்டுக்கொண்டார். மச்சான் அடுத்த வாரமே படகு செய்துவிட்டான். அவனுக்குக் குடிகாடு பக்கம் கம்பெனியில் ஷிப்ட் வேலை. தூங்க வேண்டிய நேரத்தில் பாலத்தை மூன்று முறை பிரித்துக் கட்டியிருக்கிறான். நாங்களோ அவனைக் கண்டாலே, "என்னா மச்சான், இந்த வருசம் எத்தினி பேரு ஆத்துல?" என்போம். நானும்தான் சொல்லியிருக்கிறேன்.

இந்த வருடம் திட்டம் போடக் கூடியபோது அவன் சிரிக்கவில்லை.

"மாமா, இதான் கடைசி. இந்த வாட்டியும் வுழுந்துச்சின்னா பாலத்த எடைக்குப் போட்டுட்டு நான் நின்னுக்கறேன். வேற யாரயாவது ஆறு கட்டச் சொல்லுங்க."

பேச்சை மாற்றத்தான் குமராட்சி மேஸ்திரி வாயைத் திறந்தார். வீடு கட்டிக் கொடுக்கிறவர், கிள்ளை ஸ்டேஷன் அவருடையது. "நம்மள பாக்க ஜனம் வர்ல. ஜனம் இருக்கற எடத்துக்கு நாம போலாம். முகூர்த்த நாளா புடிங்க. சாப்ட்டு எழுந்தவன் எங்க போவான்? நம்மகிட்டதான் வருவான்."

அப்படித்தான் ஒரு முகூர்த்த ஞாயிறு பிடித்தோம். பந்தி முடிந்ததும் கூடம் எங்களுக்கு.

பந்தி முடிந்தது. பலகைகளோடு உள்ளே நுழைந்தால், கூடத்தைக் கழுவுகிற அக்கா துடைப்பத்தைக் குறுக்கே நீட்டினார்.

"எங்க வரீங்க? பாயசம் கொட்டிக் கெடக்கு. கழுவி வுட்டப்பறம் உங்க பொம்மைய வைங்க."

சுவரோரம் ஒதுங்கினோம். இத்தனை வருடமும் கல்யாணம் இல்லாத நாளில்தான் வந்திருக்கிறோம், இந்தத் தரை நனைந்து நாங்கள் பார்த்ததே இல்லை. வாசல் பக்கம் இரண்டு குடம் ஊற்றினார். தண்ணீர் நடுக்கூடத்தைப் பார்த்து ஓடியது. சமையல்கட்டுப் பக்கம் இரண்டு குடம். அதுவும் நடுவுக்கே வந்தது. சோற்றுப் பருக்கை, வாழையிலை நறுக்கு எல்லாம் ஊர்வலமாக வந்து, நடுவில் இருந்த கம்பி ஜல்லடைக்குள் இறங்கின.

மச்சான் அந்த ஜல்லடையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, என் பாலம் வைக்கற எடம் அது."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கழுவுவதற்காக இரண்டு பக்கமும் சரித்துக் கட்டிய தரை. எங்கள் பலகைகளின் கால்கள் எல்லாம் ஒரே அளவு. ஆகவே நாலு பலகை இந்தப் பக்கமிருந்து சரிந்து இறங்க, நாலு அந்தப் பக்கமிருந்து இறங்க, நடுப் பள்ளத்தில் பாலம். பாலம் தாழ்ந்திருக்கிறது என்று இவன் வருடாவருடம் அதன் காலுக்கு மட்டும் பழைய பத்திரிகைகளை மடித்துச் செருகுவான். அது இரண்டு ஓரமும் படி மாதிரி நின்றுகொள்ளும். வண்டி என்ன செய்யும், பாவம்!

எல்லாரும் மேஸ்திரியைத் திரும்பிப் பார்த்தோம். மச்சான் கேட்டே விட்டான்.

"ஊரு வூட்டுக்கெல்லாம் டியூப்ல தண்ணி வுட்டு மட்டம் பாக்கறீங்களே. இங்க ஒரு நாளு பாத்தீங்களா?"

"அது வேலப்பா. இது ஜாலிக்கு வர்றது" என்று மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "ஞாயித்துக்கெழம யாரு டியூப தொடுவா?"

அந்த ஞாயிறு தொட்டார். வெளியே நிறுத்தியிருந்த தன் வண்டியிலிருந்து மட்டம் பார்க்கும் டியூபையும், மாதிரிக்கு வைத்திருந்த டைல்ஸ் துண்டுகளையும் அள்ளி வந்தார். வாசல் ஓரத்துப் பலகையின் உயரத்தைக் கணக்காக வைத்து, ஒவ்வொரு காலுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று டைல்ஸ் ஏறியது. பாலத்துக்கு ஐந்து. கழுவின அக்கா துடைப்பத்தைச் சாத்திவிட்டு, "எங்கள கேட்டிருந்தா சொல்லிருப்போமில்ல, தண்ணி எங்க நிக்கும்னு" என்றார். கேட்டிருக்கலாம்தான்.

தாம்பூலப் பையோடு ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். கடலூரிலிருந்து வண்டியைக் கிளப்பினேன். ஒன்பது பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டோம். ஆலப்பாக்கம் தாண்டியது, புதுச்சத்திரம் தாண்டியது. பாலத்துக்கு இரண்டடி இருக்கும்போது மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சக்கரங்கள் பாலத்தில் ஏறிய சத்தம் மாறி, மறுபடி தரைச் சத்தம் ஆனது. பிறகுதான் திரும்பினான். வண்டி கிள்ளையில் போய்க்கொண்டிருந்தது. சிதம்பரத்தில் அது நின்றபோது, மாப்பிள்ளை வீட்டாரில் யாரோ விசிலே அடித்தார்கள்.

மேஸ்திரி முதலில் வந்து அவன் தோளைத் தட்டினார். "உன் பாலத்துல ஒண்ணும் கொற இல்லப்பா. நாங்கதான் வாய வச்சிட்டோம்." நானும் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"போனா ஆச்சா? திரும்பி வரட்டும்."

திருப்பி விட்டோம். பாலத்தை இந்த முறை அவன் கண்கொட்டாமல் பார்த்தான். வண்டி அலுங்காமல் கடந்து, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் விட்டு, கடலூர் துறைமுகத்துக்குள் நுழைந்து, என் ஸ்டேஷன் வளைவில் இஞ்சினோடு இரண்டு பெட்டியும் சாய்ந்து படுத்தது.

கூடமே சிரித்தது. மச்சான் நிதானமாக நடந்து வந்து என் பலகை முன்னால் நின்றான். கட்டின கையை அவிழ்க்கவில்லை.

"மாமா, அடுத்த வருசம் நான் வர்றதுக்குள்ள இத கொஞ்சம் சரி பண்ணி வைங்க."