வெளுத்த சாயம்

கருவேலம் பிசினுக்கு வாடை கிடையாது. வார்னிஷின் வாடை மூக்கைத் துளைக்கும். இது நன்றாகத் தெரிந்திருந்தும், பதினான்கு வயதில், என் நண்பன் குருவையா செய்த மரமீனுக்கு வார்னிஷ் பூசாமல் பிசினைப் பூசினேன். கைதவறிச் செய்ததல்ல. அவனைத் திருடன் என்று ஊர் நம்ப வேண்டும் என்பதற்காகவே செய்தேன்.

ராஜபாளையத்துக்கு மேற்கே, எங்கள் தெருவை ஒட்டி இருந்த கண்மாய் ஐப்பசி மழையில் நிறைந்ததும் நாங்கள் இருவரும் ‘பொய்மீன்’ செய்ய உட்கார்ந்துவிடுவோம். கல்யாண முருங்கைக் கட்டையை விரல் நீளத்துக்குச் செதுக்கி, வயிற்றில் தூண்டில் முள்ளைக் கட்டித் தண்ணீரில் இழுத்தால், விரால் அதை உயிருள்ள மீன் என்று நினைத்துப் பாயும். செதுக்குவதும் வண்ணம் தீட்டுவதும் அவன் வேலை. காவியையும் சுண்ணாம்பையும் விளக்குக் கரியையும் பிசினில் குழைத்து, கோழி இறகின் நுனியால் செதில் செதிலாக வரைவான். அந்த வண்ணம் கரையாமலிருக்க மேலே வார்னிஷ் பூசி அடைப்பது என் வேலை. என் அப்பா மரக்கதவு செய்பவர் என்பதால் எங்கள் பட்டறையில் வார்னிஷுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் மீன் என்னவோ அவனுக்குத்தான் சிக்கும். மூன்று வாரமாக எனக்கு ஒன்றும் சிக்காத ஆத்திரத்தில், ஒரு காலை, கண்மாய்க் குத்தகைக்காரர் போட்டிருந்த மீன்கூட்டைப் பிரித்து ஒரு விராலை எடுத்துப்போய், நானே பிடித்ததாக வீட்டில் சொன்னேன். அம்மா குழம்பு வைத்தாள். அப்பா முதுகில் தட்டிக்கொடுத்தார். அதே காலையில் குருவையாவும் தன் பொய்மீனில் நிஜமாகவே ஒரு விரால் பிடித்து, அதை மறைக்காமல் கையில் தொங்கவிட்டபடி கரைமேல் வந்திருக்கிறான். பிரிந்து கிடந்த கூட்டருகே நின்ற குத்தகைக்காரர் அவன் சட்டையைப் பிடித்துவிட்டார்.

“கட்டையில பிடிச்சியா? விராலு என்ன ஒன் மச்சானாலே, கூப்பிட்ட ஒடனே வாரதுக்கு?”

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் பொய்மீனைப் பிடுங்கிக் கல்லில் வைத்து நசுக்கினார். குருவையா அழவில்லை. “ஞாயித்துக்கெழம வாங்க அண்ணாச்சி. வேற ஒண்ணு செஞ்சு, ஒங்க கண்ணு முன்னாலயே பிடிச்சுக் காட்டுதேன்” என்றான்.

அப்பாவை அவன் அய்யா என்பான்; அவர் ஒரு மாந்தோப்பில் காவல்காரர். குடும்பம் தோப்புக் குடிசையில்தான் இருந்தது. செய்தி தோப்புக்காரர் காதுக்குப் போனதும், “ஞாயித்துக்கெழம பாப்போம். களவாணி வீட்டாளுக்கு எந்தோப்புல காவலு கெடையாது” என்று சொல்லியனுப்பினார். அந்தக் கூரை இப்போது ஒரு விரல் நீளக் கட்டையை நம்பி நின்றது. எனக்கோ வேறு பயம். குருவையா ஜெயித்துவிட்டால் உண்மையான திருடனைத் தேடுவார்கள். அன்று எங்கள் வீட்டில் விரால் குழம்பு கொதித்தது தெருவுக்கே தெரியும்.

வியாழக்கிழமை புது மீனைக் கொண்டுவந்து தந்தான். அவ்வளவு அழகாக அவன் அதற்கு முன் வரைந்ததில்லை. “ரெண்டு தடவ பூசுல. முள்ளு கட்டுன ஓட்டையில நல்லா அடை” என்றான். அவன் போனதும் பட்டறையில் வார்னிஷ் டப்பாவையும், பிசின் கரைத்த கொட்டாங்கச்சியையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். காய்ந்த பிசின் வார்னிஷைப் போலவே பளபளத்தது; தண்ணீர் பட்டால்தான் கரையும்.

சனிக்கிழமை வந்து மீனை வாங்கியவன் மூக்கருகே கொண்டுபோனான்.

“என்னலே, வாடையே இல்ல?”

“நல்லாக் காஞ்சா வாடை நிக்காதுல.”

எச்சில் தொட்டுத் தேய்த்திருந்தால் போதும், பிடிபட்டிருப்பேன். “நீ சொன்னாச் சரி” என்று காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

ஞாயிறன்று கரை நிறையக் கூட்டம். அவன் அய்யா காவல் கம்போடு தள்ளி நின்றார். முதல் வீச்சில் ஒன்றுமில்லை. இரண்டாவதில் தாமரை இலைகளுக்குள்ளிருந்து ஒரு பெரிய விரால் கிளம்பி, பொய்மீனின் பின்னாலேயே கரைவரை வந்து திரும்பியது. சிரிப்பெல்லாம் நின்றுபோனது. மூன்றாவது தடவை இழுக்கும்போது, மீனின் பின்னால் தண்ணீரில் மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று நீண்டது. நான்காவதில் செதில்கள் இல்லை. ஐந்தாவதில் தண்ணீர் குடித்த வெறும் கட்டை ஒன்று சாய்ந்து அமிழ்ந்தது.

“சாயம் வெளுத்துப்போச்சுலே!” என்றார் குத்தகைக்காரர்.

குருவையா கட்டையை எடுத்துத் தடவினான். விரல் பிசுபிசுத்தது. “இது வார்னிஷ் இல்ல அண்ணாச்சி, பிசினு!” என்று கத்தினான். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

“ஏலே, நீ என்னத்தப் பூசுன?”

“வார்னிஷ்தான் அண்ணாச்சி.”

அந்த வாரமே அவர்கள் சட்டி பானைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போய்விட்டார்கள். அதன்பின் ஊரில் அவனுக்குப் பெயர் ‘சாயம்’.

பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு உண்மை பேசச் சொல்லிக்கொடுத்து ஓய்வும் பெற்ற பிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. முதலில் அந்தக் கரைக்குப் போய், அங்கிருந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். “எந்தக் குருவையா, தாத்தா?” என்று ஒருவன் கேட்டான். அன்று சிரித்தவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. மாந்தோப்பு இருந்த இடத்தில் மனைக்கற்கள் நட்டிருந்தார்கள்.

பிறகு நானே செதுக்கி, வரைந்து, மூன்று தடவை வார்னிஷ் பூசிய ஒரு பொய்மீனை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். மகள் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த குருவையா, நான் சொன்னதையெல்லாம் குறுக்கிடாமல் கேட்டான்.

“பிசினு நீ பூசுனதுன்னு அன்னைக்கே தெரியும். பொறாமன்னு நெனச்சேன்” என்றான். “மீன்கூட்டப் பிரிச்சதும் நீதானா?”

நான் தலையசைத்தேன்.

“எங்கய்யா சாகுற வரைக்கும், ‘எடுத்திருந்தா எங்கிட்ட மட்டும் சொல்லிருய்யா’ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

பேத்தியிடம் ஒரு செம்பில் தண்ணீர் கேட்டு வாங்கி, நான் கொண்டுபோன மீனை அதில் போட்டான். இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். எங்களுக்குக் கொடுத்த காபி ஆறிப்போனது. சாயம் இறங்கவில்லை. எடுத்து வேட்டியில் துடைத்து மோந்து பார்த்தான்.

“வாடை இருக்கு” என்று சொல்லி, என் கையிலேயே திருப்பித் தந்துவிட்டான். போய்வருகிறேன் என்றதற்குத் தலையசைத்தான்; மறுபடி வா என்று சொல்லவில்லை.

அந்த மீன் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இன்று காலை எடுத்து மோந்து பார்த்தேன். நன்றாகக் காய்ந்துவிட்டது, வாடை இல்லை.