ஃபிட் ஆனவர் படித்த பேப்பர்

அந்த முதியோர் இல்லத்தின் செயலாளரை நினைத்தால் இன்றும் என் வாயில் நல்ல வார்த்தை வராது. சுரங்கத்தில் பெரிய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போயும் அதிகாரம் போகவில்லை. பழைய குவார்ட்டர்ஸ் வரிசை ஒன்றில் பதினைந்து வயதானவர்களை வைத்துக்கொண்டு, ஷிப்டுக்கு ஆள் அனுப்புவதைப் போல இல்லத்தை நடத்தினார். எண்பதுகளின் தொடக்கத்தில் என் அம்மாவும் அங்கே இருந்தாள். இளைப்பு நோய்க்காரி. நான் சுரங்கத்துக் கன்வேயர் பெல்ட் வேலைக்கும் மனைவி அவள் வேலைக்கும் போய்விட்டால் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று சேர்த்திருந்தேன்.

ஒரு மார்கழியில் அங்கே இருமலும் காய்ச்சலும் கிளம்பின. எங்கள் டவுன்ஷிப்பில் மெடிக்கல் லீவு போட்டவன் டாக்டரிடம் ‘ஃபிட்’ எழுதி வாங்காமல் வேலையில் சேர முடியாது. செயலாளர் அதையே கிழவர்களுக்கும் கொண்டுவந்தார். தினமும் காலையில் தெர்மாமீட்டர். காய்ச்சலோ இருமலோ இருந்தால் பின்னறை. இல்லாவிட்டால் கரும்பலகையில் பெயருக்கு நேராக ‘ஃபிட்’. இந்த மேதாவித்தனத்துக்குக் கமிட்டியில் கைதட்டல் வேறு.

முதலில் இருமியவரின் அறையிலேயே படுத்திருந்தவர் ஒரு பழைய கிரேன் ஆபரேட்டர். நல்ல மனிதர், ஒரு தும்மல்கூடப் போடவில்லை. ‘ஃபிட்’ என்பதால் அறை அறையாகப் போய்ப் பேப்பர் படித்துக் காட்டும் வேலையைச் செயலாளர் அவருக்குக் கொடுத்தார். காது மந்தமானவர்களிடம் முகத்தருகே குனிந்து உரக்கப் படிப்பார். அவர் படித்த அறையில் மூன்றாம் நாள் இரண்டு பேர் பின்னறைக்குப் போனார்கள். அடுத்த அறையிலும் அப்படியே. அதற்கடுத்தது அம்மாவின் அறை. செயலாளரிடம் போனேன்.

“சார், அவர் போற ரூம்லதான் இருமல் வருதுங்க. எங்கம்மா ரூமுக்கு மட்டும் வேணாங்க.”

“அவருக்கு ஜுரம் இருக்கா? இருமல் இருக்கா? நானே பார்த்து ஃபிட் போட்டிருக்கேன். நீ மைன்ஸ்ல பெல்ட்ட பாரு, போ.”

போனேன். அம்மாவைக் கையோடு வீட்டுக்கு அழைத்து வந்திருக்கலாம். லீவு கேட்கப் பயந்து செகண்ட் ஷிப்டுக்குப் போனேன். அந்த ஆளைத் திட்டும்போதெல்லாம் என்னையும் சேர்த்துத்தான் திட்டிக்கொள்கிறேன்.

அவர் அம்மாவின் அறையில் பேப்பர் படித்த நான்காம் நாள் அவளைப் பின்னறைக்கு மாற்றினார்கள். ஜன்னல் வழியாகத்தான் பார்க்க விட்டார்கள். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள்.

“பேப்பர் படிக்கிறவர இங்க வரவேணாம்னுட்டாங்கடா. நாங்கல்லாம் சீக்காளிங்களாம், அவருக்கு ஒட்டிக்குமாம். அதுவும் நல்லதுதான். பாவம், அவராவது நல்லா இருக்கட்டும்.”

அந்த வாரமே அம்மா போய்விட்டாள். துணிமணிகளை வாங்கப் போனபோது பலகையில் அவள் பெயரை அழித்திருந்தார்கள். பேப்பர் படித்தவரின் பெயருக்கு நேராக அன்றைக்கும் ‘ஃபிட்’ என்று எழுதியிருந்தது.