பெயர் சொல்லி அழைக்கும் பக்கம்

வாயில் பான்டிசால் ரொட்டியைக் கவ்விக்கொண்டு, கட்டிடக் காவலாளியின் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறாள் ரொவீனா. அவள் மாற்றியமைத்த இணையதளம் அவனை எப்படி வரவேற்கிறது என்று பார்க்க வேண்டுமாம். போன வாரம் அவன் அதில் பெயரைப் பதிந்து கத்தார் வேலை தேடியிருந்தான். இன்று திறந்ததும் அதே வேலை, அவன் பெயரோடு, முதல் பக்கத்திலேயே. "பாத்தியா, ஆளைப் பாத்துப் பேசுது" என்று அவன் முதுகில் தட்டிவிட்டு மாடி ஏறுகிறாள்.

வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு நிறுவனத்துக்காகச் செய்தது அது. வெல்டருக்கு ஒரு பக்கம், நர்சுக்கு வேறு பக்கம். யார் எதைப் பார்த்தார், எத்தனை முறை திரும்பி வந்தார் என்று கவனித்துத் தளம் தானே மாறிக்கொள்ளும். ஆபீசில் இதற்குக் கேம்பெயின் என்று பெயர். அதற்கான விதிகளை எழுதும்போது நாற்காலியில் சம்மணம் போட்டு, முகம் தெரியாத ஆட்களோடு சண்டை பிடிப்பாள். "மூணு வாட்டி வந்து எட்டிப் பாக்குற, விண்ணப்பம் மட்டும் போட மாட்டியா நீ?" பக்கத்து மேசைக்காரியான எனக்குக் காது புளித்துவிட்டது.

இன்றுதான் அதைக் காட்டும் நாள். அந்த நிறுவனத்தின் உரிமையாளர் மேடம் வில்யாருஸ் வந்திருந்தார். அவருக்குப் பிடித்தால் புதிய பிரிவுக்கு ரொவீனாதான் தலைவி. எங்கள் முதலாளி டிண்டோ சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ரொவீனா தன் மடிக்கணினியைத் திறப்பதற்குள், கூட்ட அறைக் கணினியிலேயே தளத்தைத் திறந்து சுவரில் காட்டிவிட்டார்.

முதலில் எல்லோருக்கும் உரிய பொதுப் பக்கம் வரும். சில நொடி கழித்துத்தான் பெயரும் வேலையும் விரியும். தளத்துக்குள் வந்திருப்பது யார் என்று ரொவீனாவின் கணினி உடனே காட்டும். அவள் அதைத் திறந்ததும் எட்டிப் பார்த்தேன். அனலின்! எங்கள் வரவேற்பு மேசைப் பெண். சாப்பாட்டு வேளையில் இந்த அறைக் கணினியில் உட்கார்ந்து மக்காவ் ஓட்டல் வேலை தேடியிருக்கிறாள், பாவி.

வெளியே வேலை தேடினாள் என்று போன மாதம்தான் ஒருத்தியை நின்ற நிலையில் வீட்டுக்கு அனுப்பினார் சார். அனலின் சம்பளத்தில்தான் ஊரில் அவள் தம்பி தங்கைகள் சாப்பிடுகிறார்கள். மக்காவ் கிடைக்குமோ, கிடைக்காதோ.

"பாருங்க மேடம், இப்போ மாறும்" என்றார் சார்.

மாறவில்லை. ரொவீனா மொத்தக் கேம்பெயினையும் நிறுத்தியிருந்தாள். அவள் விரல் நகர்ந்ததை நான் மட்டும் பார்த்தேன். சுவரில் யாருக்கும் காட்டுகிற அதே விமானம், அதே சிரித்த முகங்கள். "இது எங்கிட்ட ஏற்கெனவே இருக்கறதுதானே?" என்று எழுந்துவிட்டார் மேடம். தன் கணினியில் காட்டுகிறேன் என்று ரொவீனா கெஞ்சியும் அவர் உட்காரவில்லை.

அவரை அனுப்பிவிட்டு வந்த சாரிடம், "என் தப்புதான் சார். விதியில கோளாறு" என்றாள்.

"தலைவியாம் தலைவி. முதல்ல ஒரு பக்கத்த ஒழுங்கா மாத்து."

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஆறிய காபியை அவர் தலையில் கொட்டியிருப்பேன். ரொவீனா என் காலை மிதித்தாள்.

அவர் போனதும், கோப்பைகளை எடுக்க அனலின் வந்தாள். "என்னக்கா, சொதப்பிட்டியாமே?" என்று கிண்டல் வேறு.

"ஆமாடி. கொஞ்சம் தண்ணி குடு."

அனலின் தண்ணீர் பிடிக்கத் திரும்பினாள். ரொவீனா கூட்ட அறைக் கணினியை இழுத்து, அதில் அனலின் வேலை தேடிய தடத்தையெல்லாம் ஒரு விரலால் அழித்தாள்.