கொதிக்க வைத்த கல்

1. போன்

காரமடையில் ஒரு வீட்டு மீன் தொட்டியின் ஸ்கிம்மரை, அழுக்கு நுரை பிரிக்கும் குழாயை, கழுவிக்கொண்டிருந்தேன். மத்தியானம். சிவப்பிரகாசம் போன் செய்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் லேத்தில் பம்ப் பாகங்கள் கடையும் பட்டறை வைத்திருப்பவர். வீட்டுக் கடல்நீர்த் தொட்டியைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி மலர்விழிதான்.

"ஏனுங்க, இந்த வாரம் சர்வீஸுக்கு வர வேண்டாமுங்க. அவளுக்குக் காய்ச்சலுங்க. எனக்கும் நெஞ்சைப் புடிச்ச மாதிரி இருக்குது."

"டாக்டரைப் பாத்தீங்களா?"

"வைரல்னு மாத்திரை குடுத்தாங்க. நேத்து நல்லாத்தானுங்க இருந்தா. நீங்க சொன்னீங்கள்ல, அந்தக் கல்லைக் கொதிக்க வெச்சா. சாயங்காலத்துல இருந்து ஒரே குளுரு. வாயெல்லாம் இரும்பை நக்குன மாதிரி இருக்குதுங்கறா."

ஸ்கிம்மரைக் கீழே வைத்தேன்.

"அந்தத் தண்ணி எங்கீங்க?"

"சட்டியோட அடுப்பு மேலயே இருக்குதுங்க."

"அதைத் தொடாதீங்க. ரெண்டு பேரும் உடனே வெளிய வந்து ஆஸ்பத்திரிக்குப் போங்க. எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லுங்க, நானும் வாரேன்."

2. போட்டோ

இருபத்தி மூன்று வருடமாக வீடு வீடாக மீன் தொட்டி பராமரிக்கும் வேலை. நல்லதண்ணீர் மீனில் ஆரம்பித்து பவளம் வளர்க்கும் ரீஃப் டேங்குக்கு வந்தவன். கடல் கல்லை வாங்கித் தொட்டியில் வைத்தால், வாங்காததும் கூடவே வரும். புழு, நண்டு, நட்சத்திர மீன் குஞ்சு, பெயர் தெரியாத சளி. ஹிட்ச்ஹைக்கர் என்போம். பத்தில் எட்டு அப்பிராணி. ஆனால் புதிதாக ஒன்று நெளிந்தால் வீட்டுக்காரர்களுக்குத் தூக்கம் போய்விடும். உடனே எனக்கு ஒரு போட்டோ வரும். பல் விளக்கும்போதும் வரும், சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வரும். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்விட்டது. சரியாகப் பார்க்காமலே பதில் சொல்லுமளவுக்கு அலுப்பு.

மலர்விழியின் போட்டோவை முந்தின நாள் காலை கவுண்டம்பாளையம் சிக்னலில் வண்டியில் இருந்தபடியே பார்த்தேன். ஒரு கல் முழுக்கப் பழுப்பு நிறத்தில் ஏதோ முளைத்திருந்தது. ஐப்டேசியா என்ற, பூப் போல இருக்கும் சின்னக் கடல் உயிர் என்று நினைத்தேன். களை மாதிரிப் பரவும், தொட்டால் கொட்டும், மற்றபடி ஆளைக் கொல்லாது. விளக்கு பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன். அவருக்கு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "களைதானுங்க அம்மணி. அந்தக் கல்லை மட்டும் எடுத்துக் கொதிதண்ணில போட்டுருங்க."

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வண்டியை ஓரம்கட்டி அதே போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஐப்டேசியாவும் இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் கல்லின் அடிப்பக்கம் முழுக்கச் சட்டைப் பொத்தான் போலப் பழுப்பு வட்டங்கள், விளிம்பில் குட்டை மயிர். அது பாலித்தோவா, வேறொரு கடல் உயிர். அதில் பாலிடாக்சின் என்ற கடும் விஷம் இருக்கலாம். கொதிக்க வைத்தால் ஆவியோடு நெஞ்சுக்குள் போய்விடும். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல.

3. ஆஸ்பத்திரி

மலர்விழி மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். சிவப்பிரகாசம் பக்கத்தில் இருமிக்கொண்டிருந்தார். டியூட்டி டாக்டர் சின்ன வயசுப் பெண். விஷத்தின் பெயரை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"கல்லுல இருந்து விஷமா? நீங்க யாருங்க?" என்றார்.

"தொட்டி சர்வீஸ் பண்றவனுங்க. கொதிக்க வைக்கச் சொன்னதே நான்தானுங்க."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெளியே போய் யாருக்கோ போன் செய்து, சீட்டைப் பார்த்து எழுத்து எழுத்தாகச் சொன்னார். திரும்பி வந்தவர், "இதுக்குன்னு முறிவு மருந்து கிடையாதாம். மூச்சையும் இதயத்தையும் விடாமப் பாத்துக்கணும்" என்று இருவரையும் ஐசியூவுக்கு மாற்றினார்.

மூன்று நாள். நான் தினமும் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரச் சொல்லவில்லை. இரண்டாம் நாள் சிவப்பிரகாசத்தை வார்டுக்கு மாற்றினார்கள். என்னைப் பார்த்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான்காம் நாள் மலர்விழியும் வார்டுக்கு வந்தார். குரல் கம்மியிருந்தது.

"அம்மணி, தப்பு என்னுதுங்க. போட்டோவைச் சரியாப் பாக்காம சொல்லிப்போட்டேன்."

அவர் போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு, "தெரியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நான் காத்திருந்திருப்பேனுங்ணா" என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

4. தொட்டி

அதற்குப் பிறகு போட்டோவை வைத்து நான் பதில் சொல்வதில்லை. "நேர்ல வந்து பாக்கறனுங்க, அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க" என்பேன். சிலருக்குப் பொறுமை இல்லை. உடனே பெயர் சொல்லும் ஆளைத் தேடிப் போய்விட்டார்கள். போகட்டும். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: உங்கள் அலுப்பு அடுத்தவர் நெஞ்சுக்குள் போய் இறங்கும்.

இரண்டு மாதம் கழித்து மலர்விழி கூப்பிட்டார். வீட்டில் இனித் தொட்டி வேண்டாம் என்று சிவப்பிரகாசம் சொல்லிவிட்டாராம். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் போட்டுக்கொண்டு கற்களை ஒவ்வொன்றாக ஈரத்தோடு டப்பாவில் எடுத்து வைத்தேன். மலர்விழி கதவருகே தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இருமல் இன்னும் விடவில்லை.

கடைசிக் கல்லைத் தூக்கியபோது அடியிலிருந்து விரல் நீளத்தில் ஒன்று வெளியே வந்தது. கண்ணாடி போன்ற உடம்பு, முதுகில் நீலப் புள்ளி வரிசை. இத்தனை வருடத்தில் அப்படி ஒன்றை நான் பார்த்ததில்லை.

"அது என்னங்ணா?" என்றார் மலர்விழி.

"தெரியலீங்க அம்மணி."

அவர் ஒரு நாற்காலியை இழுத்து வந்து, தொட்டியிலிருந்து எட்டப் போட்டு உட்கார்ந்தார். நான் கல்லை மெல்ல மறுபடி தண்ணீருக்குள் இறக்கினேன். அது உள்ளே போகும்வரை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.